இரவல் குரல்

காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். அது பொங்குவதற்குள் சட்டையை இஸ்திரி போட்டேன். காலர், கை, முதுகு, கடைசியில் முன்பக்கம். பால் பொங்கியது. அடுப்பை அணைத்தேன். தேநீர் போட்டுக் குடித்துக்கொண்டே படுக்கையறை அலமாரிக்குப் போய் இயந்திரத்தைப் பார்த்தேன்.

இயந்திரம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பழைய கம்ப்யூட்டர், அதனோடு சிம் கார்டுகள் செருகிய ஒரு பெட்டி. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் லைன் வேலை செய்கிறது என்று அர்த்தம். எரிந்தது. முந்தைய நாள் வந்த பதிவுகளைக் கேட்டேன். பெரும்பாலும் வெற்றுப் பதிவுகள். பேசுவதற்கான பொத்தானை அழுத்திவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் மூச்சு விட்டிருப்பார்கள். அவற்றை அழித்தேன். ஒரு பெரியவர் மட்டும், "பாப்பா, நீ இல்லேன்னு இங்க பேசிக்கறாங்க. நிஜமாவா?" என்று அவளையே கேட்டிருந்தார். அதையும் அழித்தேன்.

நிஜம்தான். என் மனைவி இறந்துவிட்டாள்.

கடைசியாக இருந்த பதிவு ஒரு பெண்ணுடையது. "அண்ணே, நான் சல்லடை பேசறேன். சாயங்காலம் உங்க வீட்டுக்கு வர்றேன். பூட்டிக்கிட்டு எங்கயும் போயிடாதீங்க."

அதை அழிக்கவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

இந்த லைனைத் தொடங்கியது அவள். அதற்கு முன் ஒரு பத்திரிகையில் நிருபராக இருந்தாள். நகரத்துக்கு வெளியே டேங்கர் லாரிகளைக் கழுவும் யார்டு ஒன்று இருக்கிறது. எண்ணெய், அமிலம், பசை, எது ஏற்றி வந்த லாரியாக இருந்தாலும் அடுத்த லோடுக்கு முன்னால் ஒருவர் உள்ளே இறங்கிச் சுரண்டிக் கழுவ வேண்டும். இறங்குகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே மக்கள். யார்டுக்குப் பின்னால், யார்டு முதலாளி கட்டிவிட்ட வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். ஊரில் அவர்களுக்குத் தொட்டிக்காரர்கள் என்று பெயர். பஸ்ஸில் அவர்கள் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை காலியாகவே போகும். கடையில் மீதிச் சில்லறையை அவர்கள் கையில் கொடுக்க மாட்டார்கள், பலகையில் வைப்பார்கள். அவர்களில் யாராவது டேங்கருக்குள் மூச்சுத் திணறிச் செத்தால் என் மனைவி எழுதுவாள். அது நான்காம் பக்கத்தில் வெற்றிலை அளவுக்குச் சுருங்கி வரும். சில சமயம் வராது.

"எழுதி என்ன பிரயோஜனம்? அவங்க படிக்கப்போறதில்ல. படிக்கறவங்க நம்பப்போறதில்ல" என்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். "அவங்ககிட்ட இருக்கறது ரெண்டே ரெண்டுதான். ஒரு ஓட்டை போன், ஒரு வாய். அத வச்சு என்ன பண்ணலாம்னு பாக்கறேன்."

பண்ணினாள். ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் இயந்திரம் திருப்பி அழைக்கும். ஒன்றை அழுத்தினால் பேசலாம். இரண்டை அழுத்தினால் மற்றவர்கள் பேசியதைக் கேட்கலாம். செலவு எங்களுடையது. வரிசை வீடுகளில் அதற்கு அக்கா லைன் என்று பெயர் வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பேசினார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் கடைசி வரிசையில் உட்கார வைப்பதைப் பேசினார்கள். மாமியாரைப் பற்றிப் பேசினார்கள், மாமியார்கள் பதில் பேசினார்கள். கொஞ்ச நாளில் ஊர்க்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் வேடிக்கைக்காக. பிறகு எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் என்னிடம், "அந்தக் கடைசி வரிசைப் பையனை முன்னாடி மாத்திட்டாங்களா, என்னாச்சு?" என்று கேட்டார். அன்று அவள் சமையலறையில் விசிலடித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள்.

சிலர் பேசப் பயந்தார்கள். குரலை வைத்து யார்டு மேஸ்திரி கண்டுபிடித்துவிடுவார் என்றார்கள். கருவியால் குரலை மாற்றிப் போட்டுப் பார்த்தோம். "பூதம் மாதிரி இருக்கு, பிள்ளைங்க பயந்துக்குது" என்று புகார் வந்தது. அதனால் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். பயந்தவர்கள் சொல்வதை வரிக்கு வரி கேட்டுக்கொண்டு, அதை அவளே பேசிப் பதிவு செய்வாள். 'அவர் சொன்னார்' என்று அல்ல. 'நான்' என்று. நான் இறங்கினேன், எனக்கு மயக்கம் வந்தது, என் பிள்ளைக்குப் பசி. அவர்களுக்குத் தன் குரலை இரவல் கொடுத்தாள். பதிவுகளுக்குச் சமையலறைச் சாமான்களின் பெயரை வைத்தாள். கரண்டி, உரல், அரிவாள்மனை. 'சல்லடை' அப்படி வந்த பெயர்தான். "அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை கூட்டியோ குறைச்சோ சொல்லாது. சலிச்சு எடுத்துத்தான் வாயத் திறக்கும்" என்றாள்.

இரவல் குரல் யாருடைய குரலும் அல்ல என்று நினைத்திருந்தோம். கேட்கிறவர்களுக்கு அது ஒரு பெண்ணின் குரல். அந்தப் பெண் அந்த வரிசையில் எங்கோ இருக்கிறாள். அப்படித்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சல்லடையின் புருஷன் அமிலம் ஏற்றி வந்த டேங்கருக்குள் செத்தார். மூடியைத் திறந்து காற்றாட விடாமல் இறங்கச் சொன்னது மேஸ்திரி. லாரி அவசரமாகப் போகவேண்டுமாம். சோறு கொண்டுபோன சல்லடை அதைப் பக்கத்தில், மேஸ்திரியின் கண்ணில் படாமல் லாரிக்குப் பின்னால் நின்று கேட்டாள். யார்டு வேறு கதை சொன்னது. அந்த ஆளை யாரும் இறங்கச் சொல்லவில்லை, அடியில் தேங்கியதைத் திருடி விற்க அவனாகவே இறங்கினான் என்றது. விசாரணை நடந்தது. சாட்சி யாரும் இல்லை. வரிசை வீடுகள் யார்டுடையவை. பேசினால் வீடு போகும். மற்றவர்களின் வேலையும் போகும். அவளுக்குச் சின்னப் பெண் குழந்தை ஒன்று.

அவள் என் மனைவியிடம் கேட்டது ஒன்றுதான். "அவர் திருடன் இல்லக்கா. அது மட்டும் எல்லாருக்கும் தெரியணும்."

என் மனைவி பேசினாள். "செத்தவரை இறங்கச் சொன்னது மேஸ்திரி. மூடி திறந்து காத்தாடலன்னு அவர் சொன்னார். பொட்டச்சி மாதிரி பயப்படாதேன்னு மேஸ்திரி சொன்னான். நான் பக்கத்துல நின்னேன்." அவ்வளவுதான் அந்தப் பதிவு. ஊரே கேட்டது. போனிலிருந்து போனுக்குப் போயிற்று. விசாரணை அதிகாரி அந்தப் பெண் வந்து நேரில் சொன்னால் எழுதிக்கொள்வதாகச் சொன்னார்.

அதன்பிறகு வரிசை வீடுகளுக்கு ஆட்கள் வந்தார்கள். கணக்கெடுப்பு என்று சொல்லிக்கொண்டு கதவைத் தட்டினார்கள். ஆண்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. "வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுங்க" என்றார்கள். வீட்டில் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன, என்ன வயது, எல்லாவற்றையும் பெண்களையே வாயால் சொல்லச் சொன்னார்கள். யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கொஞ்சம் தள்ளி மேஸ்திரி தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

பெண்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருத்தி தொண்டை கட்டியிருப்பதாகச் சைகை காட்டினாள். ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினாள். உரல் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தவள், "எனக்கு வாய்னு ஒண்ணு இருக்கறதே என் மாமியாருக்கு மட்டும்தான்யா தெரியும், அவங்களையே கேளு" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு அதை லைனில் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

சல்லடை பேசவே இல்லை. என்ன கேட்டும் பேசவில்லை. அதனால் அவளை யார்டு அறைக்குக் கூட்டிப் போனார்கள்.

*

நான் வேலை செய்வது காது பரிசோதனை நிலையத்தில். கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே வெளிச்சத்தம் வராது. பரிசோதனைக்கு வருகிறவர் உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார். நான் வெளியே உட்கார்ந்து சத்தங்களை அனுப்புவேன். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அடுத்து வார்த்தைகள் வரும், திருப்பிச் சொல்ல வேண்டும்.

முற்பகலில் ஓர் ஆள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை. காதில் இரைச்சல் என்று சீட்டில் எழுதியிருந்தது. உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினேன். வெளியே வந்து மைக்கில், "நான் பேசுறது கேக்குதா?" என்றேன்.

"நல்லாக் கேக்குது சார்" என்றார்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. குரலைப் பல தடவை கேட்டிருக்கிறேன். எங்கள் படுக்கையறையில் இருக்கும் ஒரு பதிவில்.

மேஸ்திரிக்கு என்னைத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் வந்திருந்தார். "உங்க வீட்டு விசயம் கேள்விப்பட்டேன் சார்" என்றார், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. "வண்டி பின்னால எடுக்கறப்ப பாக்காம வந்துட்டாங்க. ஓட்டுனவன் இன்னும் சோறு தின்னல. சின்ன வயசு. பாவம்."

"சத்தம் கேட்டா பொத்தானை அழுத்துங்க" என்றேன்.

சோதித்தேன். கட்டையான சத்தங்களுக்கு அழுத்தினார். கீச்சென்ற சத்தங்களுக்கு அழுத்தவில்லை. ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன். அப்போதும் அழுத்தவில்லை. என்னைப் பார்த்துப் புன்னகை செய்தபடி உட்கார்ந்திருந்தார். ஆயுள் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர்களுக்கு அப்படி ஆகும். ஆண்கள் பேசுவது தெரியும். பெண்கள் பேசுவது ஏதோ முணுமுணுப்பாக, எல்லோருடையதும் ஒரே மாதிரி கேட்கும். தனக்குக் கேட்கவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது.

"எனக்கு இரைச்சல்தான் தொந்தரவு. மத்தபடி காது ரொம்பச் சுத்தம்" என்றார். "ஒரு குரலை ஒரு தடவை கேட்டா போதும் சார். அடுத்த தடவை கூட்டத்துல பேசினாலும் பிடிச்சிடுவேன்."

"அடுத்தது வார்த்தைகள். கேக்கறத அப்படியே திருப்பிச் சொல்லுங்க" என்றேன். பதிவை ஓடவிட்டேன்.

அந்த வார்த்தைப் பதிவு என் மனைவியின் குரல். நிலையத்தில் முன்பு இருந்தது கரகரப்பாக இருந்ததால், கல்யாணமான புதிதில் அவளைக் கூட்டிவந்து பதிவு செய்தேன். கதவு. விறகு. தூசி. பாசி. பறவை. ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் ஒரு மூச்சு. தினமும் கேட்கிறேன். பழகிவிட்டது.

மேஸ்திரி கண்களை மூடிக்கொண்டு கேட்டார். பாதி வார்த்தைகளைத் தப்பாகச் சொன்னார். சிலவற்றுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் அசையவில்லை. அவர் தேடிய குரல் அவருடைய இரண்டு காதுகளிலும் பேசிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்க வழியில்லை. வரிசை வீடுகளில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றபோதும்.

வெளியே வந்ததும், "எப்படி சார் இருக்கு?" என்றார்.

"வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கு."

"நல்லது." சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். கதவருகே நின்றார். "அந்தப் போன் லைனை இன்னும் வச்சிருக்கீங்க போல. எதுக்கு சார் கரண்டு செலவு? அம்மாவே அது எல்லாம் தான் கட்டின கதைன்னு எங்க முன்னாடி ஒத்துக்கிட்டாங்க. விசாரணையும் முடியப்போகுது. புதுசா ஒரு குரல் அதுல வந்துச்சுன்னு வைங்க, நான் மறுபடி வீடு வீடாப் போகணும். எனக்கும் கால் வலிக்குதில்ல?"

சிரித்துவிட்டுப் போனார். வரவேற்பில் இருக்கும் பெண் அவருக்குக் குடை எடுத்துக் கொடுத்தாள். "தங்கமான மனுசர் போல" என்றாள்.

அவருடைய அறிக்கையை அச்செடுத்து உறையில் போட்டேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

*

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. மச்சான் உள்ளே இருந்தார். என் மனைவியின் அண்ணன். அவரிடம் ஒரு சாவி உண்டு. அவரோடு செய்தி சேனல்காரர் ஒருவர். சேனல்காரர் மடியில் சுருட்டி வைத்த பெரிய தாள்.

"வாங்க மாப்பிள்ளை. இவர் ரொம்ப நேரமா காத்திருக்காரு" என்றார் மச்சான். "அந்தப் பதிவை இன்னிக்குக் கொடுத்துடுங்க."

எந்தப் பதிவு என்று நான் கேட்கவில்லை. சாவு வீட்டில் கூட்டம் கலைந்த பிறகு நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது மச்சான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டார்.

யார்டு அறைக்குக் கூட்டிப் போனபோது சல்லடை தன் போனின் மணியை அணைத்து ரவிக்கைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். போகிற வழியில் பழக்கத்தில் எங்கள் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்திருந்தாள். இயந்திரம் திருப்பி அழைத்தது. அவள் ஒன்றை அழுத்தினாள். அங்கே நடந்ததெல்லாம் பதிவாகிவிட்டது. மேஸ்திரியின் குரல், "இந்த வரிசையிலயே பேசாதவ நீ ஒருத்திதான். நான் தேடறது பேசாதவளைத்தான்" என்கிறது. சல்லடை அழுகிறாள். கொஞ்ச நேரம் தண்ணீர் பீய்ச்சும் சத்தம். பிறகு என் மனைவி வருகிறாள். உரல் போன் பண்ணிச் சொன்னதும் ஆட்டோ பிடித்துப் போயிருந்தாள்.

"இந்தப் பொண்ணை எதுக்கு உக்கார வச்சிருக்கீங்க? நீங்க தேடற குரல் இதுதான். கேட்டுப் பாத்துக்குங்க" என்று, அந்தப் பதிவில் பேசியதை முழுக்க மறுபடி பேசிக் காட்டுகிறாள். மூச்சு விடும் இடம்கூட மாறவில்லை.

மேஸ்திரி சிரிக்கிறார். "அப்ப சாட்சின்னு ஒருத்தியும் இல்ல. நீயே கட்டின கதை."

"ஆமா" என்கிறாள். லைனில் யாராவது ஒரு சொல் கூட்டிச் சொன்னால் திருத்திவிடுகிறவள் அவள்.

பிறகு சல்லடையை எழுப்பி நிறுத்தி, அவள் காதோடு ஏதோ சொல்கிறாள். சல்லடை வெளியே நடக்கிறாள். செருப்புச் சத்தம், இரும்புக் கதவு, பின்னால் ஒரு டேங்கர் கிளம்பும் சத்தம். பதிவு முடிகிறது. என் மனைவியை யார்டு வாசலில் கண்டெடுத்தார்கள். விபத்து என்று எழுதினார்கள்.

"பதிவைக் கொடுத்தா அது யார் போன்ல இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிடும்" என்றேன். "சாட்சியே இல்லைன்னு மேஸ்திரி நம்பிக்கிட்டு இருக்கான். அதனாலதான் அந்தப் பொண்ணு இன்னும் அந்த வீட்ல இருக்கா."

"என் தங்கச்சி எங்க இருக்கா மாப்பிள்ளை?" என்றார் மச்சான். "எவளோ ஒருத்திக்குப் பாக்கறீங்க. நம்ம வீட்டுப் பொண்ணுக்கு நியாயம் வேணாமா? கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பாக்கல."

சேனல்காரர் இடையில் வந்தார். "சார், நாங்க ரொம்பப் பொறுப்பாப் பண்ணுவோம். ஒரு மணி நேர நிகழ்ச்சி. 'குரலற்றவர்களின் குரல்'னு தலைப்பு வச்சிருக்கோம்."

"குரல் இல்லேன்னு யாரு சொன்னா?"

கதவருகே சல்லடை நின்றிருந்தாள். நான் அவளை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குள்ளமான பெண். துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டியிருந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, உள்ளே வரலாமா என்பது போலத் தரையைப் பார்த்தாள்.

"வாம்மா" என்றேன்.

வந்தாள். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. "எங்க வரிசைல கொஞ்ச நேரம் நின்னு பாருங்க சார், குரல் இல்லாமலா இருக்குன்னு தெரியும்" என்று சேனல்காரரிடம் சொன்னாள். "காது இருக்கறவன்தான் இல்ல."

இவள் யார் என்பது போல மச்சான் என்னைப் பார்த்தார். அவளே சொன்னாள். "எவளோ ஒருத்தின்னீங்களே, அது நான்தாங்க."

மச்சான் சட்டென்று எழுந்து நின்றார். தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குப் போனார். அங்கே வெகுநேரம் நின்றார்.

"குழந்தை?" என்றேன்.

"எங்க அக்கா வீட்ல விட்டுட்டு வந்துட்டேண்ணே. பஸ்ஸுல ஏத்தி, நானே கூடப் போய். துணியெல்லாம் கொடுத்துட்டேன்." பையை இறுக்கிப் பிடித்தாள். "இனிமே நான் ஒருத்திதான். அந்த ஒண்ண அழுத்தற இடம் எங்க இருக்கு? என் வாயால சொல்லிடறேன். பேரோட."

"லைனைக் கேக்கறவங்க உன் குரலைக் கண்டுபிடிச்சிடுவாங்க."

"கண்டுபிடிக்கட்டும்."

"மேஸ்திரி இன்னிக்கு என்கிட்ட வந்தான்" என்றேன். அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பரிசோதனையைச் சொன்னேன். பெண்கள் குரல் அவனுக்குச் சரியாகக் கேட்காது, ஒருத்தியிடமிருந்து இன்னொருத்தியைப் பிரித்துத் தெரியாது என்றேன். பேர் சொல்லாமல் பேசினால் அவனால் கண்டுபிடிக்க முடியாது. பேசிவிட்டுக் குழந்தையிடம் போய்விடலாம். அதுதான் பாதுகாப்பான வழி என்று எனக்குத் தோன்றியது.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சலித்து எடுத்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

"அவனுக்குக் கேக்கணும்ணே" என்றாள். "அதுக்குத்தானே பேசறேன்."

சேனல்காரர் கேமராவைத் திறக்கப் போனார். "முகத்தை மறைச்சிடலாம்மா. கவலைப்படாதீங்க."

"முதல்ல லைன்ல. எங்க ஆளுங்க டிவில இதப் பாக்கமாட்டாங்க, லைன்லதான் கேப்பாங்க. அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணிக்கங்க. விசாரணை ஆபீசருக்கும் கொண்டுபோய்க் கொடுங்க. அந்த ரூம்ல நடந்ததையும் சேத்துக் கொடுங்க."

"அதுல அவ உன்கிட்ட சொன்னதும் இருக்கு" என்றேன்.

"தெரியும்ணே. என் காதுலதானே சொன்னாங்க." பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். "அக்கா பேச்சை இந்த ஒரு தடவை கேக்கப்போறதில்ல."

படுக்கையறைக்குக் கூட்டிப் போனேன். மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினேன். என் மனைவி சரிந்து உட்காரும் நாற்காலி அது, சல்லடை விளிம்பில் உட்கார்ந்தாள். பேரைச் சொன்னாள். புருஷன் பேரைச் சொன்னாள். வீட்டு எண்ணைச் சொன்னாள். மேஸ்திரி சொன்னதைச் சொன்னாள். என் மனைவி விட்டுவிட்ட ஒரு வாக்கியம் அதில் இருந்தது. இறங்குவதற்கு முன் அவர் சாப்பாட்டுத் தூக்கை இவளிடம் திருப்பிக் கொடுத்து, ஆறிவிடப் போகிறது, மூடி வை, வந்துவிடுகிறேன் என்றாராம். "திருடப் போறவன் அப்படிச் சொல்லிட்டுப் போகமாட்டான்" என்று முடித்தாள்.

நான் எதையும் வெட்டவில்லை. இரைச்சலைக்கூட எடுக்கவில்லை. லைனில் ஏற்றினேன்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மிஸ்டு கால். பிறகு ஒன்று. பச்சை விளக்கு மின்ன ஆரம்பித்து நிற்கவே இல்லை. யாரோ கேட்டு, யாருக்கோ சொல்லி, அவர்கள் கேட்கிறார்கள். உரல் ஒன்றை அழுத்தி, "அடியே, நீயாடி அது! எங்கடி இருக்க? இங்க எல்லாரும் வெளிய வந்து நிக்கறோம்டி" என்று கத்தினாள். சல்லடை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மச்சான் தண்ணீர்ச் சொம்போடு வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைத் துடைத்தார். நான் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கு அடுத்த பதிவில் பேச்சு இல்லை. யாரோ ஒன்றை அழுத்திவிட்டுப் போனைப் பிடித்திருக்கிறார்கள். மூச்சு கேட்டது. அதன் பின்னால் தண்ணீர் பீய்ச்சும் சத்தம். இடையில் ஓர் ஆண்குரல், தூரத்தில், "இன்னும் சத்தமா வைடா, எனக்குக் கேக்கல" என்றது. அவளுடைய பதிவு அங்கே மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. அவள் பேர். அவர் பேர். வீட்டு எண்.

சல்லடை சிரிப்பதை நிறுத்தினாள்.

"இன்னிக்கு இங்கேயே இரும்மா" என்றார் மச்சான். தெருப் பக்கச் சன்னலைச் சாத்தப் போனவர், சாத்தாமல் கீழே பார்த்துக்கொண்டே நின்றார். "யாரு வண்டி இது, எதுத்தாப்புல?" என்றார். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. கதவுத் தாழ்ப்பாளைப் போட்டேன். யார்டு அறைப் பதிவை இரண்டு பிரதி எடுத்தேன், ஒன்று விசாரணை அதிகாரிக்கு, ஒன்று சேனல்காரருக்கு.

சேனல்காரர் சுருட்டி வைத்த தாளை இப்போதுதான் விரித்தார். போஸ்டர். என் மனைவியின் படம். கல்யாணப் படத்திலிருந்து என்னை வெட்டிவிட்டு எடுத்தது. கீழே பெரிய எழுத்தில், அவளுடைய கடைசி வார்த்தைகள் என்று போட்டு, 'பேசுங்கள்! பயப்படாமல் பேசுங்கள்!' என்று இருந்தது. ஊர் முழுக்க ஒட்டுவதற்கு ஆயிரக்கணக்கில் அடித்துவிட்டார்களாம்.

"அப்படித்தானே சார் சொல்லியிருப்பாங்க?" என்றார்.

சல்லடை என்னைப் பார்த்தாள். நான் பதிவைக் கடைசிப் பகுதிக்குத் தள்ளி, சத்தத்தைக் கூட்டினேன். நாற்காலி நகரும் சத்தம். துணி உரசும் சத்தம். பிறகு, மூச்சோடு மூச்சாக, என் மனைவி:

"நீ வாயே திறக்காத. யாரு கேட்டாலும் எல்லாம் நான்தான்னு சொல்லிடு. போ."